இரு கணிப்பொறிகளும் ஒரு கோப்புறையும்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பயனாளிகள் பட்டியல் ஒன்றே இருத்தல் வேண்டும். முன்பு யான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் அது பலவாயிற்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரச் சிற்றூரில் வாழ்ந்த கைம்பெண் ஒருவரின் பெயர் வீட்டுவசதிப் பட்டியலில் முறைப்படி சேர்க்கப்பட்டது. ஆயினும் மேலிடத்துக்குச் சென்றது அப்பெயர் ஏறாத பழைய படி. பொறியாளர் அறையிலிருந்த கணிப்பொறி விண்டோசில் இயங்கியது. எழுத்தர் மேசையிலிருந்தது லினக்சில் இயங்கியது. இடையே பென் டிரைவ் ஒன்று ஓயாது நடந்துகொண்டிருந்தது. எந்தப் படி புதியது என்பதை அறிவார் இலர். அவ்வம்மையார் ஓராண்டு காத்திருந்தார்.

இருவகைக் கணிப்பொறிகளும் ஒரே கூரையின்கீழ் இருப்பது நம் மாநிலத்தில் வியப்பன்று. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோசுடன் அது இடம்பெற்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்தற்கு எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறை பயன்படுகின்றது. விண்டோஸ் அதனை இயல்பாகவே அறியும். யூனிக்ஸ் குடும்பத்துக்கு அதனைக் கற்பித்தவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல். 1992-இல் அவர் வெளியிட்ட நிரலே பின்னர் ஸாம்பா எனப் பெயர்பெற்றது. அம்மூன்றெழுத்தும் முறையே வரும் சொல்லை அகராதியில் தேடியெடுத்து இட்ட பெயர் அது. செங்கற்பட்டு உழவர் நடும் சம்பாவுக்கும் அதற்கும் உறவில்லை.

பொதுக் கோப்புறை விண்டோசில் இருப்பின், அதன் பண்புகளிற் பகிர்தற் பகுதியைத் திறந்து, பெயர் குறித்த பயனர்க்கு மட்டும் இசைவு தருக. பகிர்வுக்கு ஓர் இசைவும் வட்டிலுள்ள கோப்புக்கு வேறோர் இசைவும் உண்டு. இரண்டில் இறுக்கமானதே செல்லும். விண்டோசில் நுழையும் பின் எண் இங்குப் பயன்படாது. கணக்கின் கடவுச்சொல்லே வேண்டும். கோப்புறை லினக்சில் இருப்பின், ஸாம்பாவை நிறுவியபின் ஒவ்வொரு பயனர்க்கும் அதில் தனியே கடவுச்சொல் பதிதல் வேண்டும். லினக்சில் நுழையும் கடவுச்சொல்லை ஸாம்பா தானாக அறியாது. பலரும் திகைத்து நிற்பது இவ்விடத்திலேதான்.

பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். பெரிய, சிறிய ஆங்கில எழுத்துக்களை லினக்ஸ் வேறாகக் கொள்ளும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்காது. சர்வே எண்ணிலுள்ள சாய்கோட்டை இரண்டுமே ஏற்கமாட்டா, சிறுகோடு இடுக. பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சிட்ட ஏடு வந்து சேரும். ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் படிக்க வாராது. யூனிக்கோடில் எழுதுவதே தக்கது.

எஸ்.எம்.பி. நெறிமுறையின் முதற்பதிப்பை மட்டும் திறத்தல் ஆகாது. 2017 மே திங்களில் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது அதன் வழியேதான். பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக அதனைத் திறந்துவைப்போர் இன்றும் உளர்!

இணையத்திலேயே வைத்தால் என்ன என்று கேட்கலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையேறியதே, அத்தகைய நாட்களில் இணையம் அறுந்தாலும், மின்சாரம் இருக்கும்வரை அலுவலக உள்வலை இயங்கும். ஆயினும் வட்டு பழுதடையக் கூடுமாதலின், நாள்தோறும் மாலையில் புற வட்டு ஒன்றில் படியெடுத்து, நாளிட்டு, அலமாரியில் பூட்டி வைக்க. அந்தப் படியில் எவரும் எழுதுதல் கூடாது.