இண்டை கட்டுதல்

இறைவன் திருமுடிமேல் வட்டமாகச் சாத்தப்படுவது இண்டை. தார் மார்பில் தாழ்வது. கோவை ஊசியாற் கோக்கப்படுவது. பிணையல் காம்போடு காம்பு பின்னப்படுவது. இவற்றுள் இண்டை ஒன்றே முடிக்கு அளவெடுத்துச் செய்யப்படுவதாகலின், அதனைப் பூசை செய்வோர் தம் இல்லத்திலேயே கட்டுதல் தகும் என்பது எம் கருத்து.

காளப்பநாயக்கன்பட்டி கொல்லிமலையின் அடிவாரத்தது. காரவள்ளி சென்று, 70 கொண்டையூசி வளைவுகளை ஏறி, அறப்பளீசுரரைத் தரிசிக்கப் போகும் அன்பர் இவ்வழியே செல்வர். எம்மிடம் சித்தியார் பாடங் கேட்கும் இளைஞரொருவர் அண்மையில், “ஐயா, முழக்கணக்கில் விற்குஞ் சரத்தை வளைத்துச் சாத்தினால் இண்டையாகாதோ? அட்டபுட்பம் அகத்தே இருக்கப் புறப்பூவுக்கு உழலுவதும் ஏன்?” என வினவினார்.

பின்னதற்கு முதலில் விடை கூறுவாம். கொல்லாமை, ஐம்பொறியடக்கல், பொறுமை, இரக்கம், அறிவு, வாய்மை, தவம், அன்பு என்னும் எட்டும் அகப்பூசைக்குரிய மலர்களே, ஐயமில்லை. ஆயினும் அருணந்தி சிவாசாரியர் சித்தியார் எட்டாஞ் சூத்திரத்திற் சரியை கூறுமிடத்து, மலர் கொய்து தொடை சமைத்தலைத் தாதமார்க்கத்தார் தொழிலாக வைத்தனர். மேற்படி ஏறினார் கீழ்ப்படியை இகழ்தற்கு அங்கே இடமில்லை. பொறுமைப்பூ எம்மிடம் உளது என்பார், நார் ஒன்று அறுந்த அளவிலே சினத்தலைக் காண்கின்றோம். யாமும் அவருள் ஒருவரே.

இனி முன்னது. சென்ற ஆண்டு விரல்வாதம் மிகவே யாமும் சிலநாட் சரம் வாங்கிச் சாத்தினோம். ஒருநாள் நிர்மாலியங் களைகையில் நைலான் நூலோடு தலைமயிரொன்று பின்னிக்கிடந்தது. மயிர் கலந்த பூ, சிலந்தியிழை பற்றிய பூ, புழுக்கடித்தது, தானே உதிர்ந்தது, பழையது, மோக்கப்பட்டது ஆகாவென்று மாணாக்கர்க்கு ஓதிவந்த யாமே அதனைத் திருமுடியில் ஏற்றினோம். திருவாரூரிற் பூவொன்றை மோந்ததன் பொருட்டுக் கழற்சிங்கர் தேவியார்க்கு நேர்ந்ததை நினைந்து அன்றிரவு துயில் கொண்டிலேம். விற்பார்மேற் குறையில்லை, அவர் தொடுப்பது கூந்தலுக்கும் திருமுடிக்கும் பொதுவான சரம்.

சேக்கிழார் திருப்புகலூர் முருகநாயனார் செயலை விரித்தமை ஈண்டு நினைக்கத்தகும். அவர் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகையும் வேறு வேறு கூடையிற் கொய்து, தனியிடத்திருந்து இண்டை முதலியன சமைத்தனர். தனியிடம் என்றதனாற் பேச்சொழிதல் பெறப்படும். வாய்நீர் பூவிற் றெறியாமற் காத்தலும் அதனால் எளிதாம்.

கட்டுமாறு: நிழலில் உலர்த்திய வாழைநாரைச் சிறிதுபோது நீரில் ஊறவைத்து மெல்லிதாகக் கிழித்துக்கொள்க. ஒரு நாரால் திருமுடியைச் சுற்றி அளந்து, அவ்வளவிற்கு ஒருவிரல் மிகுத்து, மூன்று நார்களை முறுக்கிச் சும்மாடு போல வளையமாக்குக. மிகுத்தல் ஏனெனின், கட்டுங்கால் காம்புகளின் பருமன் உள்வாயைக் குறுக்கும். நந்தியாவட்டையும் அலரியும் கொய்தவுடன் பால் வடிப்பன. பால் அடங்கிய பின்னரே எடுக்க. அலரிப்பால் நஞ்சாதலின் கையைக் கழுவுதல் வேண்டும். இரண்டு பூவும் ஒரு வில்வத்தளிருஞ் சேர்த்து வளையத்தின்மேற் படுத்து, நாரை இருமுறை சுற்றி இறுக்குக. அடுத்த கொத்து முன்னதன் காம்பை மறைத்துக்கொண்டே வரவேண்டும். இறுதிக் கொத்தின் காம்பை முதற்கொத்தின் கீழே செருகுதல்தான் அரிது. எம் ஆசிரியர் அதனைக் கண்டே மாணாக்கன் கைத்திறத்தை அளப்பர். மிக இறுக்கினாற் காம்பு நறுங்கும். நெகிழ்த்தாற் பூ உதிரும்.

சித்திரை வைகாசியில் இவ்வடிவாரத்துக் கொன்றை பொன்னாகத் தொங்கும். அதன் இதழ் விரைவில் உதிர்வதாதலின், முற்ற மலர்ந்ததை விடுத்துப் பாதி மலர்ந்ததைக் காம்போடு கொள்க. தாழை சிவபூசைக்கு விலக்கு. சோமவாரத்தில் வில்வம் பறித்தல் கூடாமையின் ஞாயிறன்றே பறித்து வைத்தல் வேண்டும். வில்வத்திற்குப் பழமைக் குற்றமில்லை.

அவ்விளைஞர் இப்போது நாடோறும் விடியற்காலையில் வந்து எம்மோடு கட்டுகின்றார். எம் விரல் வளையாவிடத்து அவர் விரல் முடிச்சிடுகின்றது. நிர்மாலியத்தை நாரவிழ்த்துக் கால்படாத மரத்தடியில் இடுகின்றோம். நாரும் பூவோடு சின்னாளில் மண்ணாகிவிடுகின்றது. முன்னர் இட்ட நைலான் நூல் மட்டும் இன்னும் அங்கே கிடக்கின்றது.