லைலோவும் காணாமல்போன 64 எம்பியும்

கேள்வி: பழைய பென்டியம் கணினியில் 128 எம்பி ராம் போட்டிருக்கிறேன். அக்காலத்து லினக்ஸ் அதில் 64 மட்டுமே காட்டுகிறது. ராம் பழுதா?

பதில்: பழுதில்லை, கழற்ற வேண்டாம். பழைய பயாஸ், ராமின் அளவை 16 பிட் எண்ணில், கிலோபைட் கணக்கில்தான் சொல்லும். அந்த எண் 65,535-ஐத் தாண்டாது. அதுதான் உங்கள் 64 எம்பி.

சரியான அளவை லினக்ஸுக்கு நீங்களே சொல்லிவிடலாம். லைலோ பூட்லோடரின் அமைப்புக் கோப்பில், 'அப்பெண்ட்' வரியில் 'மெம்' அளவை 128எம் என்று எழுதுங்கள். பிறகு ரூட் பயனராக லைலோ கட்டளையை ஓட்டுங்கள். இதை மறந்துவிட்டால் மாற்றம் பலிக்காது.

ஓர் எச்சரிக்கை. மதர்போர்டிலுள்ள வீடியோ 8 எம்பியை எடுத்துக்கொண்டால் 120எம் என்றே எழுத வேண்டும். இல்லாத நினைவகத்தை இருப்பதாகச் சொன்னால், லினக்ஸ் அதை நம்பிப் பாதியில் நின்றுவிடும். ஆகவே பழைய அமைப்பையும் வேறு பெயரில் அதே கோப்பில் விட்டுவையுங்கள்.