கப்பம் கட்டிய செவில்

அன்புள்ள யாழினிக்கு,

ஸ்பெயினின் முஸ்லிம் அரசுகளைக் கிறிஸ்தவ மன்னர்கள் ஒழித்துக்கட்டினார்கள் என்று படித்ததாக எழுதியிருந்தாய். பல அரசுகளுக்கு அது பொருந்தும். ஆனால் செவிலின் கதை வேறு.

கோர்டோபா கலீபாக்களின் ஆட்சி உள்நாட்டுச் சண்டையில் சிதைந்துகொண்டிருந்தபோது, 1023-ல் செவிலைக் கைக்குள் கொண்டுவந்தவர் இப்னு அப்பாத் என்ற காஜி, அதாவது நீதிபதி. அரச பரம்பரையில் வந்தவரல்ல. ஊர் மதிக்க ஒரு கலீபா வேண்டுமே! காணாமல்போன பழைய கலீபா ஹிஷாமின் சாயலில் பாய் முடைபவர் ஒருவர் அகப்பட்டார். அவரையே ஹிஷாம் என்று சொல்லி உட்காரவைத்து, அவர் பெயரால் ஆண்டார் காஜி. சுற்றியிருந்த சிற்றரசர்கள் சிலரும் அந்தக் கலீபாவை ஏற்றுக்கொண்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

காஜியின் மகன் முஃதளித் ஈவிரக்கமற்றவர். அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். பேரன் முஃதமித் நல்ல கவிஞர். 1070-ல் கோர்டோபாவையே பிடித்தார்.

செவிலில் பணத்துக்குக் குறைவில்லை; படைதான் போதவில்லை. வடக்கே காஸ்டில் மன்னர் ஆறாம் அல்போன்சோ இதைக் கச்சிதமாகப் புரிந்துகொண்டார். ஊரைப் பிடிப்பானேன்? ஆண்டுதோறும் பொன்னாகக் கப்பம் வாங்கினார். அந்தப் பொன்னில் குதிரைப்படை வளர்ந்தது. படை வளர வளரக் கப்பமும் ஏறியது. தன்னை அடிக்கப்போகிறவனுக்குச் செவிலே சம்பளம் கொடுத்தது. அதற்காக மார்க்கம் அனுமதிக்காத வரிகளையெல்லாம் போட்டதில் குடிமக்களும் மார்க்க அறிஞர்களும் கொதித்தார்கள். என் கணக்கில் செவில் தோற்றது இங்கேதான்; போர்க்களம் அப்புறம் வந்தது.

1085-ல் டொலேடோ அல்போன்சோவிடம் வீழ்ந்ததும் முஃதமித் மிரண்டுபோய், மொராக்கோவை ஆண்ட முராபித்துத் தலைவர் யூசுப் இப்னு தாஷுபீனை உதவிக்கு அழைத்தார். அல்ஜெசிராஸ் துறைமுகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் யூசுப் கடல் தாண்டினார். 1086 அக்டோபர் 23 அன்று ஸல்லாகாவில் நடந்த போரில் தோற்று அல்போன்சோ காயத்தோடு தப்பி ஓடினார். யூசுப் ஊர் திரும்பினார்.

ஆனால் 1090-ல் மறுபடி வந்தபோது அவர் குறி முஸ்லிம் அரசர்கள்மீதே இருந்தது. முறைகேடாக வரி வசூலிக்கும் இவர்களை நீக்கலாம் என்று மார்க்க அறிஞர்கள் ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்துவிட்டார்கள். முஃதமித் கடைசியில் அல்போன்சோவிடமே உதவி கேட்டதைப் பார்! வந்த படையும் தோற்றது. 1091-ல் செவில் வீழ்ந்தது. மராகேஷ் அருகே அக்மாத்தில் கைதியாக இருந்த முஃதமித் 1095-ல் இறந்தார். அவருடைய மிகச் சிறந்த கவிதைகளில் பல அங்கே எழுதியவை.

டொலேடோவை மட்டும் முராபித்துகளால் கடைசிவரை மீட்க முடியவில்லை.

அன்புடன்,
மாமா