புகையை விட்டபின் நம் உறுதியை அளப்பது எங்ஙனம்?

புகை பிடிப்பதை விடுதல் ஒரு செயல். விட்ட நிலையில் நிற்றல் மற்றொரு செயல். முன்னது ஒரு நாளில் முடிந்துவிடும். பின்னதற்கோ நாள்தோறும் மனம் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே விட்டவர் பலர் மீண்டும் பற்றவைக்கின்றனர். ஆகவே, விட்டபின் நம் உறுதி எவ்வளவில் நிற்கிறது என்பதை அளந்தறியும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

செகந்திராபாத் பாளையத்தைச் சார்ந்த திருமுல்கேரியில் நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். புகை இவ்வூருக்குப் புதியதன்று. சார்மினார் மண்டபத்தின் பெயரைத் தாங்கிய சிகரெட்டு ஐதராபாத்திலேயே செய்யப்பட்டது. தெலங்காணாவின் நிஜாமாபாத், கரீம்நகர்ப் பகுதிகளில் பெண்மக்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றிப் பிழைக்கின்றனர். இரானித் தேநீர்க் கடையின் அருகே ஒரு பெட்டிக்கடை. அங்கே கனலும் ஒரு கயிறு. விட்டவர் நாள்தோறும் கடந்து செல்லும் வழி இதுவே.

1. விரும்புதலும் நிலைத்தலும்

எவ்வுதவியுமின்றித் தாமே விட முயல்வோருள் நூற்றுக்கு 3 முதல் 5 பேரே ஆறு திங்கள் அல்லது ஓராண்டு கடந்தும் நிலைத்து நிற்கின்றனர் என ஆய்வாளர் கண்டுள்ளனர். வீழ்பவருள் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே வீழ்கின்றனர்.

'அவர்களுக்கு விருப்பம் போதாது' என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அது சரியன்று. இப்பொருளைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2011ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. விட வேண்டும் என்னும் விருப்பம் ஒருவரை முயற்சியில் இறக்கும். ஆனால் அம்முயற்சி வெல்லுமா என்பதைப் பெரிதும் காட்டுவது, அவர் உடல் புகையிலைக்கு எவ்வளவு அடிமைப்பட்டது என்பதே என அது தெரிவித்தது. காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் பீடியைத் தேடியவர் ஆழ்ந்து பிணிக்கப்பட்டவர். அத்தகையோர் மனவலிமையை மட்டும் நம்பாது, மருத்துவரை அடுத்து, நிகோடின் கலந்த மெல்லும் பசை முதலியவற்றின் துணையைப் பெறுதல் வேண்டும். இதில் நாணுவதற்கு ஏதுமில்லை.

2. மூன்று அளவைகள்

முதலாவது, பயன் உணர்வு. 'புகையின்றி இருப்பது எனக்கு இன்று எவ்வளவு முக்கியம்?' என்று கேட்டு, 0 முதல் 10 வரை ஓர் எண் இடுக.

இரண்டாவது, நம்பிக்கை. 'என்னால் நிற்க முடியும் என்று எவ்வளவு நம்புகிறேன்?' இதற்கும் அவ்வாறே எண் இடுக. ஆனால் பொதுவாக ஓர் எண் இடாது, இடந்தோறும் தனித்தனியே இடுதல் வேண்டும்.

மூன்றாவது, விதி. 'ஓர் இழுப்பும் இல்லை' என்னும் விதி எனக்கு இன்றும் உண்டா? இதற்கு எண் இல்லை. 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே விடைகள். 'ஒன்று மட்டும் பிடித்தால் என்ன?' என்று மனம் வாதாடத் தொடங்கினால் விடை 'இல்லை' என்றே கொள்க.

3. எண்ணைப் படிக்கும் முறை

லால் பஜாரில் வேலை செய்யும் ஓர் அன்பர் புகையை விட்டு 40 நாட்கள் ஆயின என்று கொள்வோம். அவருடைய நம்பிக்கை வீட்டில் 9, வேலையிடத்தில் 8, தேநீர்க் கடையில் 4, இழவு வீட்டில் இரவு முழுதும் நண்பரோடு விழித்திருக்கையில் 3. இவற்றைக் கூட்டிச் சராசரி கண்டால் 6 வரும். 'பாதிக்கு மேல் உள்ளது' என்று அவர் மகிழ்வார். ஆனால் எவரும் சராசரியில் வீழ்வதில்லை. 3 என்று எழுதிய இடத்திலேயே வீழ்கின்றனர். ஆகவே மிகக் குறைந்த எண்ணையே முதலில் நோக்குதல் வேண்டும்.

அடுத்து, அவரை வினவும் முறை. 'ஏன் 10 இல்லை?' என்று கேட்டால் அவர் தம் குறைகளையே அடுக்குவார். உள்ள உறுதியும் தளரும். வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்னும் அறிஞர் இருவர் வகுத்த உரையாடல் முறையோ இதனைத் திருப்பிக் கேட்கும்: '4 என்கிறீரே, ஏன் 1 இல்லை?' இப்போது அவர் தமக்குள்ள வலிமையைத் தாமே எடுத்துரைப்பார். பின்னர், '4 என்பது 5 ஆவதற்கு என்ன வேண்டும்?' என்று கேட்க வேண்டும். 'தேநீரைக் கடைக்குள்ளேயே அமர்ந்து குடிப்பேன்', 'இழவு வீட்டிற்குப் புகைக்காத ஒருவருடன் செல்வேன்' என்பன போன்ற விடைகள் பிறக்கும். எண்ணின் பயன் இதுவே.

பயன் உணர்வின் எண்ணிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. விட்ட நாளில் 9 என்றிருந்தது, மூன்று திங்களில் 6 ஆகக் குறையலாம். இருமல் நின்றது, மூச்சு சீரானது, அச்சமும் அகன்றது. நோயின் நினைவு மறைய, விட்டதன் காரணமும் மறைகின்றது. நலமடைந்தமையே உறுதியைத் தளர்த்தும் விந்தை இது. அந்நாளில் ஓர் உண்மையை நினைவு கூர்க. பிரிட்டனில் 1951ஆம் ஆண்டு முதல் மருத்துவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்த ரிச்சர்டு டால் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 40 வயதில் புகையை விட்டவர் ஏறக்குறைய 9 ஆண்டு வாழ்நாளையும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டையும், 60 வயதில் விட்டவர் 3 ஆண்டையும் மீட்டனர். விட்ட நிலையில் நின்றவருக்கே இம்மீட்சி உரியது.

4. உடல் அளவையின் எல்லை

மருத்துவமனைகளில் மூச்சிலுள்ள கார்பன் மோனாக்ஸைடை அளக்கும் கருவி உண்டு. அது கடந்த ஒரு நாளளவில் புகைத்ததையே காட்டும். உமிழ்நீரில் கோட்டினின் என்னும் பொருளைச் சோதித்தால் சில நாட்களின் செய்தி கிடைக்கும். இவை இரண்டும் நடந்ததைக் கூறுவன. நாளை நடக்கக்கூடியதை முன்னறிய மேற்கூறிய மூன்று வினாக்களே துணை.

5. எப்போது அளப்பது?

முதல் திங்களில் நாள்தோறும் இரவில் அளக்க. தவிப்பு முதல் வாரத்தில் கடுமையாக இருந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரிதும் தணியும். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நிற்கும். அதன் பின்னர் ஓராண்டு வரையில், அமாவாசை, பௌர்ணமி ஆகிய உபோசத நாட்களில் அளந்தால் மறவாதிருக்கலாம். பஞ்சசீலத்தில் புகையிலை பெயர் சொல்லி விலக்கப்படவில்லை. ஆயினும் மனத்தை விழிப்போடு நோக்கும் பழக்கம் நமக்கு உரியதன்றோ? எண்ணைப் பிறர் முன் படிக்க வேண்டுவதில்லை. மறைக்காது தமக்குத் தாமே எழுதினால் போதும்.

6. வழுக்கினால்?

ஒருமுறை தவறி ஓர் இழுப்பு இழுத்தவர், 'எல்லாம் போயிற்று' என்று எண்ணி முழுக் கட்டையும் வாங்கிவிடுகிறார். ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் ஆகியோர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்மனநிலையை விளக்கினர். அந்த ஓர் இழுப்பைவிடத் தம்மைத் தாமே இகழ்வதே மீட்சியைக் கெடுக்கிறது. எனவே வழுக்கிய அன்றே மூன்று வினாக்களையும் மீண்டும் கேட்டு, எண் எழுதி, விதியை மறுபடியும் மேற்கொள்க. 40 நாள் கற்றது ஒரு நொடியில் அழிந்துவிடாது. துணை வேண்டுவோர் 2016ஆம் ஆண்டு இந்திய அரசு தொடங்கிய 1800112356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை பெறலாம்.

அன்பர்களே! நம்முள் ஒருவர் புகையை விட்டார் எனில் முதல் நாள் பாராட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அவருக்கு நம் துணை மிகுதியும் வேண்டியது 40ஆம் நாளிலும் 90ஆம் நாளிலுமே. அந்நாட்களில், 'இன்னும் விட்டிருக்கிறீரா?' என்று ஐயுற்றுக் கேளாது, 'எந்த இடத்தில் எண் குறைந்தது? நாங்கள் அங்கே உடன் வரலாமா?' என்று கேட்போமாக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. விடும் விருப்பமும் நிலைக்கும் உறுதியும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. சராசரி எண்ணை நம்புதல் ஏன் தவறு?
3. உடல்நலம் மீண்டபின் உறுதி தளர்வது எதனால்?
4. நமக்கு மிகக் குறைந்த எண் எந்த இடத்தில் உள்ளது? அதனை ஒன்று உயர்த்த இவ்வாரம் என்ன செய்யலாம்?