ஆட்டிசமும் குதிரையேற்றமும்

குதிரை போருக்கும் பயணத்துக்கும் உதவிய வரலாற்றை நாம் அறிவோம். ஆட்டிசம் உடைய இளைஞர்க்கு அது துணையாசிரியனாய் நிற்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஆட்டிசம் என்பது தொற்றுநோயன்று; மூளை வளர்ச்சியில் இளமையிலேயே அமைந்த வேறுபாடாகும். 1943-ஆம் ஆண்டில் லியோ கேனர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளின் இயல்பை ஆராய்ந்து இதனை விவரித்தார். பிறர் முகக்குறிப்பை உணர்தலும் உரையாடலைத் தொடர்தலும் இவருட் பலர்க்கு அரிய செயல்களாம். மனிதர் சொல்லாலும் குரலாலும் கண்ணாலும் ஒருங்கே பேசுகின்றனர். அவை சிலபோது தம்முள் முரண்படுவதும் உண்டு. குதிரையின் குறிப்போ எளிது. சினந்தால் செவியைப் பின்னே மடிக்கும். முன்னுள்ளதைக் கவனிக்குங்கால் முன்னே நிமிர்த்தும்.

பயிற்சி முறை வருமாறு: மாணவன் முதலில் குதிரையின் உடலைத் தேய்த்துப் பழகுவான். பின்னர்த் தலைக்கவசம் அணிந்து ஏறுவான். ஒருவர் கயிறு பிடித்து நடத்த, வேண்டுமாயின் இருபுறமும் உதவியாளர் நடப்பர். ‘நட’, ‘நில்’ என்பவற்றைச் சொல்லாலோ சைகையாலோ அவனே உணர்த்தல் வேண்டும்.

ஆயின் இதனால் விளையும் நன்மை குதிரையால் வந்ததோ, வெளிக்காற்றாலும் தோழமையாலும் வந்ததோ எனச் சிலர் வினவலாம். தக்க வினாவே. 2015-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதற்கு விடை தேடிற்று. கொலராடோவில் 6 முதல் 16 வயது வரையுள்ள 127 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். இரு பிரிவினரும் 10 வாரம் குதிரைக் கொட்டிலில் பயின்றனர். ஒரு சாரார் உயிர்க்குதிரை ஏறினர்; மறுசாரார்க்குக் குதிரையளவான பொம்மையே கிடைத்தது. குதிரை ஏறினோரிடம் எரிச்சலும் அமைதியின்மையும் மற்றவரினும் மிகுதியாய்க் குறைந்தன. அவர் பேசிய சொற்களும் பெருகின.

எனினும், இஃது ஆட்டிசத்தை நீக்கும் மருந்தன்று. பேச்சுப் பயிற்சியையும் பள்ளிக் கல்வியையும் கைவிட்டு இதனையே நம்புதல் தகாது. குதிரையின் மணத்தையோ உருவத்தையோ அஞ்சும் பிள்ளையை வற்புறுத்தலும் ஆகாது.

பேச இயலாத சிறுவன் கையசைத்து ‘நில்’ என உணர்த்துகின்றான். சுமார் 1000 ராத்தல் எடையுள்ள விலங்கு அவன் கருத்தறிந்து நிற்கின்றது. அவன் குறிப்பை அறிய அத்துணைப் பொறுமை நாம் காட்டியதுண்டா? நம் வீட்டிலும் வகுப்பிலும் அத்தகையோர் உளராயின், இவ்வினாவை நாம் நம்மையே கேட்டுக்கொள்வோமாக.