காற்று வளையும், மழை வளையாது
சிறிய பாய்மரப் படகின் படுக்கை அறைக்கு மறைவு, காற்று, மழைக்காப்பு



முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் பெட்டிப் பணிமனையில் இருந்தவனுக்குப் படகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மகள் குடும்பம் கோவாவில் இருக்கிறது. மாப்பிள்ளை நண்பர்கள் இருவரோடு சேர்ந்து 23 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். மழைக்காலம் முழுவதும் கரையில் ஏற்றி வைத்திருந்து, அக்டோபரில் மாண்டவி ஆற்றில் இறக்கினார்கள். "மாமா, விடுமுறை நாட்களில் குழந்தையோடு படகிலேயே படுக்கலாம் என்று இருக்கிறோம். மழை மட்டும் உள்ளே வராமல் செய்து கொடுங்கள்" என்றார். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கருவிப் பெட்டியோடு கிளம்பிவிட்டேன்.

ஜன்னல்களுக்கெல்லாம் புது ரப்பர் பீடிங் போட்டேன். மேல்தள மூடி கச்சிதமாக உட்காரும்படி இழைத்தேன். வாசல் பலகையின் இடுக்குகளை அடைத்தேன். மகள் கேட்டபடி கனத்த திரையும் தைத்து மாட்டியாயிற்று. முதல் இரவு பதினோரு மணிக்கு இடியோடு நல்ல மழை. மகள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி மூவரும் படகில், நான் வீட்டில். காலையில் ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்று மார்தட்டிக்கொள்ள வாயெடுத்தேன். பேத்தி தலைவலியோடு சுருண்டு படுத்திருந்தாள், இரண்டு முறை வாந்தி. மெத்தையின் அடிப்புறம் சொதசொதவென்று ஈரம். எங்கோ ஒழுகுகிறது என்று ஒரு மணி நேரம் தேடினேன். ஒழுக்கு எங்கும் இல்லை. அந்த ஈரம் அவர்கள் மூச்சிலிருந்து வந்தது. குற்றம் என்னுடையது.

நான் செய்த தவறு என்ன, அதை எப்படித் திருத்தினேன் என்பதுதான் இந்தப் பாடம். படகு வைத்திருப்பவர் நம்மில் ஓரிருவர் இருக்கலாம். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் மழைக்காலத்தைக் கழித்தவர்கள் ஏராளம். இருவருக்கும் இது பொருந்தும்.

கணக்கு என்ன சொல்கிறது?

அந்தப் படுக்கை அறையின் உட்கொள்ளளவு ஏறக்குறைய 5 கன மீட்டர், அதாவது 5000 லிட்டர். உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுகிறார். பெரியவர் இருவர், குழந்தை ஒன்று என்றால் 40 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அறை முழுக்க அடைபட்டிருந்தால் ஒவ்வொரு மணிக்கும் 0.8 சதவீதம் ஏறும். வெளிக்காற்றில் இருப்பதோ 0.04 சதவீதம் மட்டுமே. ஐந்து மணி நேரத்தில் 4 சதவீதம் என்பது தலைவலியும் மூச்சிரைப்பும் தரும் அளவு. எந்தப் படகும் அவ்வளவு கச்சிதமாக அடைபடாது என்பதால்தான் நாங்கள் தப்பித்தோம்.

ஈரக் கணக்கும் இதைப் போன்றதே. மூச்சாலும் தோலாலும் நாம் அறியாமலே ஒரு நாளில் 800 மில்லி லிட்டர் அளவுக்கு நீர் உடலிலிருந்து போகிறது. எட்டு மணி உறக்கத்துக்கு ஆளுக்குக் கால் லிட்டர். குளிர்ந்த படகுச் சுவரிலும் மெத்தைக்கு அடியிலும் அது நீராகப் படியும். பிறகு பூஞ்சை பிடிக்கும்.

அறைக் காற்றில் கரியமில வாயு 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க, இந்த மூவருக்கு மணிக்குச் சுமார் 67 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். இதுதான் நாம் எட்ட வேண்டிய எண்.

அடிப்படை விதி

மழையும் வரக்கூடாது, பிறர் கண்ணும் எட்டக்கூடாது, காற்று மட்டும் வரவேண்டும். நேராக ஒரு துளை போட்டால் மூன்றும் வரும். அடைத்தால் மூன்றும் நிற்கும். வழி என்ன? மழைத்துளி கனமானது, வந்த வேகத்தில் நேராகப் போய் மோதும், சட்டென்று திரும்பாது. பார்வையும் நேர்கோட்டில்தான் செல்லும். காற்று ஒன்றுதான் மூலையில் வளைந்து போகும். ஆகவே துளையை அடைக்காமல் வழியை வளைக்க வேண்டும்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். வடிவமைப்பிலான பழைய தூங்கும் வசதிப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். (அந்த வடிவமைப்பின் உற்பத்தி 2018-ல் நின்றது.) ஜன்னலில் கண்ணாடி ஷட்டர் ஒன்று, சாய்ந்த தகடுகள் வரிசையாக அமைந்த ஷட்டர் ஒன்று. பின்னதை லூவர் என்போம். இரவில் பெண்கள் எதை இறக்கிவிட்டுப் படுப்பார்கள்? லூவரைத்தான். பிளாட்பாரத்தில் நிற்பவர் கண்ணுக்கு உள்ளே தெரியாது, காற்று வரும். வாழ்நாளெல்லாம் அதைப் பழுது பார்த்த நான், மகள் படகில் அதை மறந்து ரப்பரைத் தேடிப் போனேன்!

முதல் வேலை: வளைந்த காற்றுக் குழாய்

படகுக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு சாதனம் உண்டு. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஒலின் ஸ்டீபன்ஸ் வடிவமைத்து 1930-ல் நீரில் இறக்கப்பட்ட 'டொராடே' என்ற பந்தயப் படகு, 1931-ல் அட்லாண்டிக் கடல் கடக்கும் பந்தயத்தில் வென்றது. அந்தப் படகின் பெயராலேயே இது டொராடே பெட்டி எனப்படுகிறது.

மேல்தளத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல்மூடியில் ஒரு முனையில் அகன்ற வாயுள்ள குழாய். காற்று வரும் திசைக்குத் திருப்பிக்கொள்ளலாம். அறைக்குள் இறங்கும் குழாய் அதற்கு நேர் கீழே இருக்காது. பெட்டியின் மறுமுனையில் இருக்கும். அதன் வாய் பெட்டியின் அடித்தளத்திலிருந்து 8 செ.மீ. உயர்ந்து நிற்கும். மழையும் அலைத்தெறிப்பும் முதல் குழாய் வழியே விழுந்து பெட்டியின் அடியில் தங்கி, ஓரத் துளைகள் வழியே மேல்தளத்துக்கு வடிந்துவிடும். காற்று மட்டும் வளைந்து, உயர்ந்த வாயில் ஏறி, அறைக்குள் இறங்கும்.

10 செ.மீ. விட்டமுள்ள குழாய் வைத்தேன். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்றில், பாதி வேகம் உள்ளே கிடைத்தாலும் மணிக்கு 42 கன மீட்டர் வரும். நம் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு.

இரண்டு எச்சரிக்கைகள். வடிகால் துளைகள் அடையக்கூடாது. ரயில் பெட்டிகளில் ஜன்னல் அடிச்சட்டம் துருப்பிடிப்பதுண்டு; குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்குவது அதற்கு ஒரு காரணம். அடுத்து, கொந்தளிப்பான கடலில் ஓட்டும்போது மூட உள்குழாய்க்குத் திருகு மூடி அவசியம்.

இரண்டாம் வேலை: வாசலுக்கு லூவர்

வரும் காற்று வெளியே போகவும் வழி வேண்டும். ஒரு வாய் மட்டும் உள்ள பானைக்குள் ஊதிப் பாருங்கள், ஊதிய காற்று திரும்பி முகத்தில் அடிக்கும். முன்னால் குழாய் என்றால் பின்னால் வாசலில் போக்கு.

வாசல் பலகையை எடுத்துவிட்டு லூவர் பலகை செய்தேன். தகட்டின் அகலம் 60 மி.மீ., சாய்வு 45 பாகை, வெளி விளிம்பு தாழ்ந்திருக்கும். இப்படிச் சாய்த்தால் தகட்டின் செங்குத்து உயரம் 42 மி.மீ. தகடுகளை 30 மி.மீ. இடைவெளியில் அடுக்கினால் ஒன்றின் மேல் ஒன்று 12 மி.மீ. ஏறி நிற்கும். நேராகப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கரையில் உயரத்தில் நிற்பவருக்கும் தெரியாது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு உள்கூரை மட்டுமே தெரியும். பரப்பில் பாதிக்கு மேல் காற்றுக்குத் திறந்திருக்கும். உட்புறம் கொசுவலை வேண்டும். வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் லூவரைத் தாராளமான அளவில் செய்யுங்கள்.

மூன்றாம் வேலை: கித்தான் பந்தல்

நங்கூரமிட்ட படகு காற்றுக்கு முகம் காட்டி நிற்கும், மழை முன்னாலிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன். ஆற்றுமுகத்தில் அப்படியில்லை. கடல் ஏற்றமும் இறக்கமும் நீரோட்டத்தைத் திருப்பும். படகும் அதோடு திரும்பும். இரண்டாம் சோதனை இரவில் காற்று பின்னாலிருந்து வீச, சாரல் லூவரிலேயே அடித்தது. பொடித் தூறல் கொஞ்சம் வளையவும் செய்யும்.

பாயின் அடிக்கழிக்கு மேலே கித்தானைப் போட்டு, இரு பக்கமும் கூரை போலச் சரித்துக் கட்டினோம். மேல்தள மூடிக்கும் வாசலுக்கும் மேலாக இது நீண்டு, பின்புறம் ஒரு முழம் தொங்கவும் வேண்டும். தண்ணீர் குட்டை கட்டாதபடி இழுத்துக் கட்டுவது முக்கியம். பந்தல் இருந்தால் மழையிலும் மேல்தள மூடியைச் சற்றுத் திறந்து வைக்கலாம். பலத்த காற்று என்றால் மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.

மறைவு பற்றி

"அப்பா, உள்ளே விளக்குப் போட்டால் பக்கத்துப் படகுக்காரர்களுக்கு நாங்கள் சினிமாப் படம் மாதிரி" என்றாள் மகள். அதனால்தான் அன்று இரவு முழுவதும் திரையை இழுத்து விட்டிருந்தாள். காற்று நின்றதற்கு மழை பாதிக் காரணம், மறைவு மறுபாதி. நம் வீடுகளிலும் இப்படித்தான். வெளியார் கண்ணுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் வேகுவது பெரும்பாலும் பெண்கள். அவர்கள் அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. மறைவைச் சரியாக அமைத்தால்தான் ஜன்னல் திறந்திருக்கும்.

பக்க ஜன்னல் திரைகளை மேலே நான்கு விரல், கீழே நான்கு விரல் இடைவெளி விட்டு, ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி மாட்டினேன். விளக்கை ஜன்னல் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். மெத்தைக்கு அடியில் இடைவெளிவிட்டு மரச்சட்டங்கள் அடித்தேன். காற்றே இல்லாத இரவுக்கு 12 வோல்ட் சிறு விசிறி ஒன்று. கணினிக்குள் இருக்கும் வகை. 0.2 ஆம்பியர் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 1.6 ஆம்பியர்-மணிதான் செலவு.

மூன்று சோதனைகள்

பணிமனையில் பெட்டியைச் சோதிக்காமல் அனுப்ப மாட்டோம். இங்கேயும் அப்படியே.

1. மழைக்கு: ஹோஸ் குழாயால் நான்கு பக்கமும், சாய்வாகவும், பத்து நிமிடம் நீர் பாய்ச்சுங்கள். உள்ளே காகிதம் விரித்து வைத்தால் விழும் சொட்டு தெரியும்.

2. காற்றுக்கு: ஊதுபத்தி ஏற்றித் தலையணை அருகில் பிடியுங்கள். புகை ஏதாவது ஒரு வழியாக வெளியேற வேண்டும். அங்கேயே சுழன்றால் போக்கு போதவில்லை.

3. மறைவுக்கு: இரவில் உள்ளே விளக்கைப் போட்டு, சிறு தோணியில் படகைச் சுற்றி வந்து பாருங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையை மகளே செய்தாள்.

கடைசியாக ஒன்று. மூடிய அறையில் அடுப்போ கரியோ எண்ணெய் விளக்கோ எரியவிட்டு உறங்காதீர்கள். அதில் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோகும். அதற்கான அலாரம் கடைகளில் கிடைக்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தங்கும். சிலிண்டர் வால்வை இரவில் மூடுங்கள்.

மூன்றாம் இரவு மறுபடி மழை. காலையில் போனபோது பேத்தி பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "தாத்தா, மழைச் சத்தம் கேட்டது, காற்றும் வந்தது, நனையவே இல்லை" என்றாள்.

அடுத்த மழைக்கு ஜன்னலில் நீலத் தார்ப்பாயை ஒட்டக் கட்டுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டாமல், ஒரு முழம் வெளியே தள்ளிச் சாய்த்துக் கட்டுங்கள். மழை நேரே போகட்டும், காற்று வளைந்து வரட்டும்.