கைதட்டல் இல்லாத பேச்சு

பேச்சுக்கலை என்றதும் நம் நினைவில் எழுவது மேடைதான். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என மூன்று அதிகாரங்களை வள்ளுவரே இதற்கென வகுத்துள்ளார். நம் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டிகள் நடைபெறுகின்றன. அங்கெல்லாம் கைதட்டலே அளவுகோல். ஆனால், கைதட்டலுக்குச் சிறிதும் இடமில்லாத பேச்சு ஒன்று உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரவெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரிடம் சென்று, 'உங்கள் மகன் இறந்துவிட்டார்' என்று சொல்வதும், அதன் பிறகு, 'அவருடைய உறுப்புகளைத் தர உங்களுக்கு மனம் வருமா?' என்று கேட்பதுமே அது. நம்பத்தக்கவாறு பேசுவது என்றால் என்ன என்பதை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் தொழில் வேறு உண்டா என்பது ஐயமே.

இந்தப் பேச்சைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்த நிகழ்ச்சி நம் பகுதியில்தான் தொடங்கியது. கேளம்பாக்கத்திலிருந்து திருப்போரூர் வழியாகத் தெற்கே சென்றால் மாமல்லபுரம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் திருக்கழுக்குன்றம். அவ்வூரைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்னும் 15 வயதுச் சிறுவன் 2008 செப்டம்பர் 20 அன்று இருசக்கர வாகன விபத்தில் சிக்கினான். சென்னையில் சிகிச்சை அளித்தும் பயனில்லை, மூளைச்சாவு உறுதியாயிற்று. தந்தை அசோகன், தாய் புஷ்பாஞ்சலி இருவருமே மருத்துவர்கள். மகனின் உறுப்புகளைத் தர அவர்கள் முன்வந்தனர். போக்குவரத்துக் காவலர் வழியை ஒழுங்குசெய்து தர, அவனது இதயம் நகரின் நெரிசலைக் கடந்து முகப்பேரிலுள்ள மருத்துவமனையை அடைந்து ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. 'ஹிதேந்திரன் விளைவு' என்று மருத்துவ உலகம் பெயரிடும் அளவுக்கு அதன்பின் உறுப்புக்கொடை பெருகியது.

அந்தப் பெற்றோருக்கு மூளைச்சாவு இன்னது என்று எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் கோவளத்து மீனவர் ஒருவருக்கு, படூரில் சித்தாள் வேலை செய்யும் தாய் ஒருத்திக்கு, யார் விளக்குவது? எப்படி விளக்குவது? இங்குதான் சிக்கல். உள்ளே சென்று பார்த்தால் மகனின் மார்பு ஏறி இறங்குகிறது. கையைத் தொட்டால் சூடாக இருக்கிறது. திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. தன் கண்ணும் கையும் 'உயிர் இருக்கிறது' என்கின்றன. முன்பின் தெரியாத ஒருவர் 'இல்லை' என்கிறார். எவர்தாம் நம்புவர்?

மூச்சுக்கு ஆணையிடும் மூளைத்தண்டு மீளாதவாறு செயலிழந்துவிட்டது. காற்றை உள்ளே செலுத்துவது இயந்திரம். பிராணவாயு கிடைக்கும்வரை இதயம் தன்னியல்பாகச் சிறிது காலம் துடிக்கும். உண்மை இவ்வளவே. இதை அறிந்தவர்களும் சொல்லும்போது தடுமாறுகிறார்கள். 'செயற்கைச் சுவாசத்தில் உயிரோடு வைத்திருக்கிறோம்', 'மெஷினை எடுத்தால் இறந்துவிடுவார்' என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும்; அதன்பின் வரும் வேண்டுகோள், உயிருள்ள மகனை அறுக்கக் கேட்பதாகவே தாயின் செவியில் விழும். நாளிதழ்கள் மட்டும் என்ன? 'மூளைச்சாவு அடைந்த வாலிபர் பின்னர் உயிரிழந்தார்' என்று எழுதுகின்றன. ஒருவர் இருமுறை இறப்பதுண்டோ? 'மூளைச்சாவு' என்ற சொல்லே, மூளை மட்டும் செத்தது, ஆள் சாகவில்லை என்ற மயக்கத்துக்கு இடம் தருகிறது என்பது என் எண்ணம். 'இறந்துவிட்டார்' என்ற ஒரு சொல்லை மழுப்பாமல் சொல்வதுதான் இரக்கம்.

சொல் மட்டும் போதாது. சொல்பவர் யார் என்பதும் உண்டு. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதை நன்குணர்ந்து இயற்றப்பட்டது. 4 மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். அவர்களில் எவரும் உறுப்பைப் பொருத்தும் குழுவில் இருத்தலாகாது. உறுப்பு தேவைப்படுவோரின் மருத்துவரே வந்து 'இறந்துவிட்டார்' என்றால் அதில் ஆதாயம் இருக்குமோ என்று ஐயுறுவது மனித இயல்பல்லவா?

அந்த ஐயத்துக்கு இங்கே வலுவான காரணமும் இருந்தது. சிறுநீரக விற்பனையால் சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற இழிபெயர் ஏற்பட்ட காலம் ஒன்று உண்டு. 2004 சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட ஏழைப் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007இல் வெளிவந்து நாட்டையே தலைகுனிய வைத்தது. மருத்துவமனை என்றால் விலை பேசும் இடம் என்று எண்ணியவர்களிடம் நாவன்மை என்ன செய்யும்? 2008இல் அரசு தொடங்கிய திட்டம் இந்த நோயின் வேரைத் தொட்டது. காத்திருப்போர் பட்டியல் பொதுவாயிற்று. உறுப்பு யாருக்கு என்பது விதிப்படி முடிவாயிற்று. 'என் பிள்ளையின் ஈரலைப் பணக்காரனுக்கு விற்பீர்களா?' என்று ஒரு தந்தை கேட்டால், பட்டியலைச் சுட்டிப் பதில் சொல்ல முடிந்தது. அணியும் உவமையும் தராத பலத்தை அந்தப் பட்டியல் பேச்சுக்குத் தந்தது.

இனி, கேட்கும் முறை. மோகன் அறக்கட்டளை முதலிய அமைப்புகள் உறுப்புமாற்று ஒருங்கிணைப்பாளர்களுக்கு இதற்கெனப் பயிற்சி அளிக்கின்றன. இறப்பைச் சொல்வதும் கொடையைக் கேட்பதும் ஒரே மூச்சில் நிகழலாகாது என்பது இத்துறையின் முதற்பாடம். மருத்துவர் இறப்பைச் சொல்லி, கேள்விகளுக்கெல்லாம் விடையளிப்பார். பின்னர் இடைவெளி. அழட்டும், உறவினர் வந்து சேரட்டும், தாய்மாமன் ஊரிலிருந்து வரவேண்டுமெனில் வரட்டும். ஒருங்கிணைப்பாளர் தண்ணீர் வாங்கித் தருகிறார், உடன் அமர்கிறார். இறப்பைக் குடும்பம் ஏற்றுக்கொண்டது என்பது அவர்கள் வாயிலிருந்தே வெளிப்படும்: 'உடம்பை எப்போது தருவீர்கள்?' என்று அவர்களே கேட்பார்கள். வேண்டுகோளுக்கு உரிய நேரம் அதுவே. அதற்கு முன் பேசினால் கழுகு என்று நினைப்பர்.

வேண்டுகோளில் அச்சுறுத்தலும் ஆசை காட்டலும் கூடா. உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. மிகச் சிறந்த அறிவிப்பு. ஆயினும், தயங்கி நிற்கும் தந்தையிடம் அதைத் துருப்புச் சீட்டாக வீசுவது முறையன்று. முடிவெடுத்த பிறகு அவர் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

சிலர் 'வேண்டாம்' என்பார்கள். பாட்டி ஒருத்தி, 'முழு உடம்பாப் போகட்டும்பா' என்று சொன்னால் பேச்சு அத்துடன் முடிகிறது. ஆனால் ஒருங்கிணைப்பாளரின் வேலை முடிவதில்லை. விபத்து வழக்கு ஆகையால் காவல் நிலையத் தாள்கள் உண்டு, பிரேதப் பரிசோதனை உண்டு, ஊருக்கு வண்டி பேச வேண்டும். 'சரி' என்ற குடும்பத்துக்கு எவ்வாறு ஓடினாரோ அவ்வாறே இவர்களுக்கும் ஓடி, வண்டி புறப்படும்வரை வாசலில் நிற்கிறார்.